பூ விழுந்த கண்
மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரை வயல்களில், சூடடிக்கும் உழவனின் கண்ணில் நெற்சுணை தைத்துப் புண்ணாகிப் பூ விழுவதுண்டு. அதை விதியென்றார்கள்.

1905இல் மொராவியாவில் எட்வர்ட் சிர்ம் என்னும் வைத்தியர், சுண்ணாம்பால் பார்வையிழந்த தொழிலாளி ஒருவருக்கு மற்றொருவரின் விழிவெண்படலத்தைப் பொருத்தி விதியைப் பொய்யாக்கினார். 1961இல் ஹட்சன் சில்வா இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் பனிக்கட்டியிட்ட குடுவையில் நம் நாட்டுக் கண்கள் சிங்கப்பூர் சென்றன. இனமும் மொழியும் வினவாத கொடை அது.

1997இல் இத்தாலியில் பெல்லெகிரினியும் தெ லூக்காவும், காரம் பட்டு வெந்த கண்ணை, மறு கண்ணின் சிற்றிழையத்தை வளர்த்துச் சீராக்கினர். 2015இல் அம்முறை ஐரோப்பாவில் வணிக மருந்தாக அனுமதி பெற்றது.

கொடையால் தழைத்த மருத்துவம் முற்றும் சரக்காகுமேல், ஏழைக்குப் பழைய விதியே மிஞ்சும். ஆய்வுகூடத்தின் வெற்றி, படுவான்கரையில் ஒரு கண் திறக்கும்போதே முழுமை பெறும்.