சர்வர் மாறிச்சு, எழுத்து?

மேச்சேரின்னா எல்லாருக்கும் ஆடுதான் ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரன் சர்வர் பத்திப் பேசறேன், பொறுத்துக்குங்க :-)

1996ல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0ஐ 2004 டிசம்பர் 31ஓடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிருச்சு. அப்புறம் ஓட்டை விழுந்தா அடைக்க ஆளில்லை. ஆபீஸ்களுக்குப் பெரும்பாலும் ரெண்டு வழி: புது லைசென்ஸ், இல்லேன்னா லினக்ஸ். அரசு நிறுவனமான எல்காட், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் 2007 வாக்கில் சூசே லினக்ஸுக்கு மாறியது. லைசென்ஸ் செலவு மிச்சம், வைரஸ் தொல்லையும் குறைவு.

சர்வரை மாத்திடலாம். அதுக்குள்ள இருக்கற தமிழ்? 1999ல் அரசு ஏற்ற டாம், டாப் குறியாக்கத்தில் அடிச்ச கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல். 2010ல்தான் அரசு யூனிகோடை ஏற்றது. என்னைக் கேட்டா, மெஷினை மாத்தறதுக்கு முன்னாடி பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாத்தணும். இல்லேன்னா பேக்கப் பத்திரமா இருக்கும், படிக்கத்தான் முடியாது.