கேஸா, டீசலா? – இழுக்கிற வண்டியின் கதை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா மகன் டென்வரிலிருந்து கூப்பிட்டான். "மாமா, பிக்அப் ட்ரக் வாங்கப் போறேன். டீசல் எடுக்கட்டுமா, கேஸ் எடுக்கட்டுமா?"

பின்னாலிருந்து அக்கா குரல்: "கேஸ் வேண்டாம்னு சொல்லு தம்பி! மலையில போறப்போ சிலிண்டர் வெடிச்சுத் தொலைச்சா?"

அமெரிக்காவில் கேஸ் என்றால் நம்ம ஊர் பெட்ரோல்தான், கேசோலினின் சுருக்கம் என்று அக்காவுக்குப் புரிய வைக்கவே பத்து நிமிடம் ஆயிற்று :-)

புனேவுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. எஞ்சின் உதிரிபாகம் சம்பந்தப்பட்ட வேலை. அதனால் சொந்தக்காரர்கள் யார் வண்டி வாங்கினாலும் எனக்குத்தான் போன் வரும். பையன் சுமார் 7,000 பவுண்டு எடையுள்ள ஒரு கேம்பர் டிரெய்லரைப் பார்த்து வைத்திருக்கிறான். நம் கணக்கில் மூன்று டன்னுக்குச் சற்று மேல். குடும்பத்தோடு வருடத்துக்கு ஆறேழு வாரக்கடைசி மலைக்குப் போகவேண்டும் என்று ஆசை. பக்கத்து வீட்டுக்காரர் குதிரைகளை டிரெய்லரில் ஏற்றி ஊர் ஊராகப் போகிறவர். "டீசல்தான், வேறு பேச்சே இல்லை" என்று அவர் சொல்லிவிட்டார். அந்த டீசலுக்குக் கூடுதல் விலை பத்தாயிரம் டாலரை ஒட்டி. அதுவும் கடனில்.

அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதிவைக்கிறேன். வேறு யாருடைய பிள்ளைக்காவது உபயோகப்படலாம்.

கதை இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் என்ற சிறிய ஊரில் ஆரம்பிக்கிறது. க்ளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற கார் டிரைவர், தன் முதலாளியான வங்கிக்காரர் டபிள்யூ.ஜி. இர்வினின் பணத்தில் 1919-ல் டீசல் எஞ்சின் கம்பெனி தொடங்கினார். பத்து வருடம் பெரிய வருமானம் இல்லை. டீசல் என்றால் கப்பலுக்கும் பம்புக்கும்தான் என்று ஊரே நினைத்த காலம். மனிதர் ஒரு பழைய பேக்கார்டு காரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, 1930 ஜனவரியில் இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் கார் கண்காட்சி வரை ஓட்டிப் போனார். 792 மைல். எண்ணெய்ச் செலவு 1 டாலர் 38 சென்ட். விளம்பரம் என்றால் அது விளம்பரம்!

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த வருடம் நடந்தது. 1931-ல் டீசல் லாரி ஒன்றில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறார்கள். கலிபோர்னியாவில் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விட்டது. கீழே ரயில்வே கிராஸிங். சரக்கு ரயில் ஒன்று கடந்துகொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பெட்டி தாண்டவும் லாரி தண்டவாளத்தைக் கடக்கவும் சரியாக இருந்தது. நூலிழையில் தப்பினார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று? பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று வருகிற வழி மூடிக்கொள்ளும். பிஸ்டன் வெற்றிடத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அதுவே ஒரு பிரேக் மாதிரி வண்டியைப் பிடித்து நிறுத்தும். அந்தக்கால டீசலில் அப்படி மூடும் தகடே கிடையாது. காலை எடுத்தால் எண்ணெய் நிற்கும், காற்று பாட்டுக்கு வந்து போகும், வண்டி பாட்டுக்கு உருளும். ஏற்றத்தில் யானை, இறக்கத்தில் உருட்டிவிட்ட பீப்பாய்.

கம்மின்ஸ் அதை மறக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு 1950-களில் உட்கார்ந்து, காற்றை அழுத்திய கணத்தில் வால்வைத் திறந்துவிட்டு எஞ்சினையே பிரேக்காக மாற்றும் கருவியைக் கண்டுபிடித்தார். டிரில் மெஷின் சக் செய்துகொண்டிருந்த ஜேக்கப்ஸ் கம்பெனி அதை 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க லாரிகள் இறக்கத்தில் தடதடவென்று கத்துவது இதனால்தான்.

சரி, பிக்அப்புக்கு வருவோம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எல்லோருக்கும் டீசல் ஞாபகம் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1978 மாடலில் ஓல்ட்ஸ்மொபில் 5.7 லிட்டர் டீசலைக் கார்களிலும் அரை டன் பிக்அப்களிலும் போட்டது. அழுத்தம் 22.5-க்கு 1, ஆனால் தலையைப் பிடிக்கும் போல்ட் அமைப்பு பெட்ரோல் எஞ்சினுடையதே. எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் கிடையாது. போல்ட் நீண்டது, கேஸ்கெட் போனது, வழக்குகள் வந்தன. 1985-ல் மூடினார்கள். ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு டீசல் கார் என்றாலே கசப்பு.

பிக்அப் மட்டும் எப்படித் தப்பித்தது? 1982-ல் அதே ஜி.எம். 6.2 லிட்டரும், அடுத்த வருட மாடலில் ஃபோர்டு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரிடம் வாங்கிய 6.9 லிட்டரும் வந்தன. இரண்டுமே டர்போ இல்லாத, சாதுவான எஞ்சின்கள். திருப்பம் 1989-ல். விற்பனையில் பின்தங்கிக் கிடந்த டாட்ஜ், கம்மின்ஸின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினைத் தன் பிக்அப்பில் இறக்கியது. டிராக்டர்களுக்கும் கட்டுமான எந்திரங்களுக்கும் என்று கேஸ் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கிய குடும்பம் அது (இந்த கேஸ் வேறு கேஸ், அக்கா!). குதிரைத்திறன் வெறும் 160. ஆனால் டார்க், அதாவது முறுக்குவிசை, 400 பவுண்டு-அடி. அதுவும் 1,700 சுற்றிலேயே. கால்நடைப் பண்ணைக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கை இங்கேதான் பிறந்தது.

இந்த எஞ்சினை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கேட்டிருப்பீர்கள். புனேயில் கிர்லோஸ்கர் கம்மின்ஸ் 1962-லேயே வந்துவிட்டது. 1993-ல் டாடாவோடு கூட்டு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் இதே 5.9 லிட்டரைத் தயாரிக்க ஏற்பாடாயிற்று. கண்டாலா காட் சாலையில் டாடா லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தபோதெல்லாம் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன்.

பிறகு போட்டாபோட்டி. 1994-ல் ஃபோர்டின் 7.3 பவர் ஸ்ட்ரோக், 2001-ல் ஜி.எம்.-இசுசுவின் டுராமேக்ஸ், 520 பவுண்டு-அடி.

அந்தக் காலத்தில் டீசல் வாங்கக் காரணங்கள் எளிமையானவை. எண்ணெய் மலிவு, எஞ்சின் எளிது, ஆயுசு கெட்டி. மூன்றும் ஒவ்வொன்றாக மாறின. 2004 கடைசியிலிருந்து அமெரிக்காவில் டீசல் பெரும்பாலும் பெட்ரோலைவிட விலை அதிகம். மத்திய வரியே கேலனுக்கு 24.4 சென்ட், பெட்ரோலுக்கு 18.4. 2014 அக்டோபர் வரை அரசு டீசல் விலையைப் பிடித்துவைத்திருந்த நாட்டில் வளர்ந்த நமக்கு 'டீசல் என்றால் சிக்கனம்' என்பது மண்டையில் ஊறிவிட்டது. அங்கே அது செல்லாது.

எளிமையும் போயிற்று. 2007-ல் புகைக்கரி வடிகட்டி, 2010 விதிகளுக்குப் பிறகு யூரியா திரவம், சென்சார்கள். நகரத்துக்குள் குறுகிய தூரம் மட்டும் ஓடினால் வடிகட்டி சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். ஃபோர்டின் 6.0 லிட்டர் (2003-07) கேஸ்கெட்டும் கூலரும் போய், தயாரித்த நேவிஸ்டாரோடு வழக்கு வரை போனது. 2013-19 ராம் பிக்அப்கள் 6.3 லட்சத்தில் புகைச் சோதனையை ஏமாற்றும் ஏற்பாடு இருந்ததாகக் குற்றச்சாட்டு வந்து, 2023 டிசம்பரில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. பாவம், க்ளெஸ்ஸி இதைப் பார்க்க இல்லை.

பெட்ரோல் சும்மா இருந்ததா? 2011 மாடல் ஃபோர்டு எஃப்-150-ல் 3.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 420 பவுண்டு-அடி. 1989-ல் பண்ணைக்காரர்கள் வரிசையில் நின்ற எஞ்சினைவிட அதிகம்! 2020-ல் பெரிய வண்டிகளுக்கு 7.3 லிட்டர் பெட்ரோல் வந்தது, 475. டர்போ இல்லை, பழைய பாணி இரும்பு எஞ்சின்.

அக்கா மகனிடம் சொன்னது இதுதான். தினமும் பத்து டன் இழுப்பதானால் கண்ணை மூடிக்கொண்டு டீசல். இப்போது டர்போவையே நெரித்து இறக்கத்தில் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, பழைய பயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அவர் வரையில் சரி. உன் வண்டி வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸுக்கும் பள்ளிக்கும் போகப்போவது. அதோடு டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வண்டியின் முதுகில் உட்காரும். 7,000-க்கு ஆயிரம் பவுண்டு வரை. அதன்மேல் நீங்கள் நாலு பேர், அம்மா, சாமான். டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் எடை, அதுவும் இந்தக் கணக்கிலிருந்துதான் கழியும். இழுவைத் திறன் விளம்பரத்தைப் பார்க்காதே, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படி.

டர்போ இல்லாத பெட்ரோலுக்கு ஒரு குறை உண்டு. ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் பலம் குறையும். டென்வரிலிருந்து மேற்கே ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். மூன்றில் ஒரு பங்கு போச்சு. "லாரிகளோடு வலது ஓரமாகப் போ, அவசரம் என்ன" என்றேன். டிரெய்லருக்குத் தனி பிரேக் கன்ட்ரோலர் இல்லாமல் கிளம்பக்கூடாது என்றும் சொன்னேன்.

முக்கால் டன் பெட்ரோல் வண்டி எடுத்தான். போன வாரம் முதல் பயணம். ராத்திரி அக்கா போன் செய்தாள்.

"ஏறும்போது மெதுவாத்தான் போச்சு தம்பி. ஆனா இறங்கறப்போ வண்டி என்ன கத்து கத்துது! இவன் பிரேக்கையே மிதிக்கலை. ஏதும் ரிப்பேரா?"

"இல்லக்கா. கியரைக் குறைச்சிருக்கான். கத்தட்டும்."