குற்றாலத்தில் போதையில் வண்டி ஓட்டி சிக்கினால்... 'ஒப்புக்கிறேன்' சொல்லும் முன் வக்கீலைப் பாருங்க!

தென்காசி,

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சீசன். ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று குளித்துவிட்டு, 'ரெண்டே ரவுண்டு' போட்டு வண்டியை எடுப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். போலீசாரிடம் சிக்கியதும் முதலில் கேட்பது, 'எவ்வளவு கட்டணும் சார்?' என்பதுதான். விஷயம் அவ்வளவு லேசு இல்லை.

மோட்டார் வாகன சட்டம் 185-வது பிரிவு வழக்கை ரோட்டிலேயே அபராதம் கட்டி முடிக்க முடியாது. கோர்ட்டுக்குத்தான் போகணும். மதுரைக்காரரோ, கொல்லத்துக்காரரோ, குற்றாலத்தில் பிடிபட்டால் தென்காசி கோர்ட்டுதான். வாய்தாவுக்கு வராமல் இருந்தால் வாரண்டு வரும்.

முதல் தடவைக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், இரண்டும்கூட கிடைக்கலாம். 2019-ல் சட்டம் திருத்தப்படும் முன்பு அபராதம் ரூ.2 ஆயிரம் வரைதான். மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை ஜெயில், ரூ.15 ஆயிரம்.

அபராதத்தோடு போகட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகவே பதிவாகும். லைசென்சையும் 3 மாதத்துக்குக் குறையாமல் முடக்க வேண்டும் என்று 2015-லேயே சுப்ரீம் கோர்ட்டின் சாலை பாதுகாப்பு கமிட்டி சொல்லிவிட்டது. வேன், டாக்சி ஓட்டிப் பிழைப்பவர் வீட்டில் 3 மாதம் அடுப்பு எப்படி எரியும்? அதனால் வக்கீல் வைக்க டைம் வேணும் என்று மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். தப்பே இல்லை.

வக்கீல் முதலில் பார்ப்பது மெஷின் காட்டிய அளவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் வழக்கு நிற்கும். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்கணும். நடக்காவிட்டால் காவலில் இருந்து விட்டாக வேண்டும். ஆனால் அதோடு வழக்கு செத்துவிடாது.

'ஊதமாட்டேன்' என்று அடம்பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. தக்க காரணம் இல்லாமல் மறுத்தால் 205-வது பிரிவுப்படி அதுவே எதிராகத் திரும்பும். வாயில் வாடை, தள்ளாட்டம் மட்டும் வைத்து போதை என்று முடிவு கட்ட முடியாது என 1971-ல் ஒரு விபத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது உண்மைதான். அதே கோர்ட்டு 2021-ல், பரிசோதனை இல்லாவிட்டாலும் மற்ற ஆதாரங்களால் இன்சூரன்ஸ் கம்பெனி போதையை நிரூபிக்கலாம் என்றது. வண்டி சேதத்துக்கு பணம் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

உயிர்ப்பலி ஆகிவிட்டால் கதையே வேறு. மும்பையில் 2006-ல் போதையில் கார் ஓட்டி, பிளாட்பாரத்தில் தூங்கிய 7 பேர் சாகக் காரணமான வாலிபருக்கு 3 ஆண்டு ஜெயிலை 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. கொலையாகாத மரணம் விளைவித்தல் பிரிவில்!

வெறும் 185 வழக்கு என்றால் ஜாமீனில் விடக்கூடியதுதான். வக்கீலுக்கு கொடுக்கக் காசு இல்லாதவர்கள் கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். காவலில் இருப்பவர் என்றால் வருமானம் பார்க்க மாட்டாங்க. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் அப்படியே. இலவச போன் நம்பர் 15100.