வீட்டில் தயாரிக்கப்படும் மின்தூண்டல் கருவிகள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நாற்று நடுவோர், முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளில் பீடி சுற்றுவோர், பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோர் ஆகியோருக்குப் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. அது கழுத்து, தோள், இடுப்பு, மூட்டு ஆகியவற்றில் ஏற்படும் வலி. இவ்வலிக்காக அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வருவோர், அங்கு அளிக்கப்படும் மின்தூண்டல் சிகிச்சையைக் ‘கரண்டு வைப்பது’ என்று குறிப்பிடுவது வழக்கம். பல நாள்கள் தொடர்ந்து வர வேண்டியிருப்பதால் கூலி இழப்பும் பேருந்துச் செலவும் ஏற்படுகின்றன. இந்நிலையில், ‘இதே கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளலாமே’ என்ற எண்ணம் சிலருக்கு எழுகிறது. பழைய மின்மாற்றி, கைப்பேசி அடாப்டர், பேட்டரி, கம்பித்துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு கருவி செய்யும் முறைகள் காணொலிகளாகவும் பரவி வருகின்றன.

இம்முயற்சி அன்பினாலும் இயலாமையினாலும் செய்யப்படுகிறது என்பதை மருத்துவத் துறை உணர்ந்தே உள்ளது. எனினும், இத்தகைய கருவிகள் உயிருக்கு ஆபத்தானவை. அவற்றின் ஆபத்து எங்கு உள்ளது, அவற்றுக்கு மாற்றாக என்ன கிடைக்கிறது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

மின்தூண்டல் சிகிச்சை என்றால் என்ன?

வலி குறைப்புக்குப் பரவலாகப் பயன்படுவது ‘டென்ஸ்’ எனப்படும் கருவியாகும். தோலின் மீது ஒட்டப்படும் பட்டைகள் வழியாக மிகச் சிறிய மின்துடிப்புகளை இது நரம்புகளுக்கு அனுப்புகிறது. தொடு உணர்வைக் கடத்தும் நரம்புகள் தூண்டப்படும்போது, தண்டுவடத்தில் வலிச் செய்தி கடந்து செல்வது ஓரளவு தடுக்கப்படுகிறது. மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு’ இதற்கு அடிப்படையாகும்.

இச்சிகிச்சையின் பயன் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். டென்ஸ் வலியின் காரணத்தைக் குணப்படுத்துவதில்லை. சிலருக்குத் தற்காலிகமாக வலியைக் குறைக்கிறது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2016இல் இடுப்பு வலிக்கும், 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் டென்ஸ் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை. முறையான உடற்பயிற்சியே இவ்விரு நிலைகளிலும் முதன்மைச் சிகிச்சையாகும். ஆகவே, வீட்டுக் கருவியால் கிடைக்கக்கூடிய நன்மை சிறிது. ஏற்படக்கூடிய தீங்கு பெரிது.

வீட்டில் செய்த கருவி ஏன் ஆபத்தானது?

நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அளவுடையது. உடலின் வழியே ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் கூச்ச உணர்வு தோன்றும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட இயலாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியர் அளவில் மூச்சு தடைபடலாம். 100 மில்லி ஆம்பியர் அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் பிரியலாம்.

1. தோலின் பாதுகாப்பு நீங்கிவிடுகிறது. உலர்ந்த தோல் மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது. ஆனால் பசை தடவிய பட்டையோ ஈரத்துணியோ வைத்துக் கட்டும்போது அந்தத் தடை பெருமளவு குறைகிறது. அப்போது உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்கு இறங்கலாம். கருவியில் கோளாறு ஏற்பட்டு 230 வோல்ட் நேரடியாக வந்தால் 230 மில்லி ஆம்பியர் உடலில் பாயும்.

2. மின்இணைப்பிலிருந்து போதிய பிரிப்பு இல்லை. மருத்துவக் கருவிகளில் வீட்டு மின்சாரத்துக்கும் நோயாளியின் உடலுக்கும் இடையே இரட்டைத் தடுப்புகள் உள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். உடலின் மேற்பரப்பில் பொருத்தப்படும் கருவிகளிலிருந்து கசியும் மாறுமின்சாரம், இயல்பு நிலையில் 0.1 மில்லி ஆம்பியரையும், ஒரு பழுது ஏற்பட்ட நிலையில் 0.5 மில்லி ஆம்பியரையும் தாண்டக் கூடாது என்று ஐ.இ.சி. 60601 பன்னாட்டுத் தரநிலை வரையறுத்துள்ளது. மலிவான அடாப்டர்களிலும் பழைய மின்மாற்றிகளிலும் இத்தகைய உறுதிப்பாடு இல்லை. நேற்று வரை ஒழுங்காக இயங்கிய கருவி, உள்ளே ஒரு காப்புறை உருகியதும் இன்று உயிரைப் பறிக்கக்கூடும்.

3. ஆர்.சி.டி. எப்போதும் காப்பாற்றாது. வீட்டில் ஆர்.சி.டி. எனப்படும் மின்கசிவுத் தடுப்புச் சாதனம் பொருத்தியிருப்பது நல்லது. ஒவ்வொரு வீட்டிலும் அது இருக்க வேண்டும். ஆனால் மின்சாரம் நிலத்துக்குக் கசியும்போதுதான் அச்சாதனம் இணைப்பைத் துண்டிக்கும். ஒரு பட்டையிலிருந்து உடலின் வழியே மற்றொரு பட்டைக்கு மின்சாரம் பாய்ந்து திரும்பினால், அதை அச்சாதனம் சாதாரண மின்பயன்பாடாகவே கருதும். ‘வீட்டில் ஆர்.சி.டி. இருக்கிறது’ என்ற நம்பிக்கையில் இத்தகைய கருவியைப் பயன்படுத்தலாகாது.

4. பேட்டரியும் புண்ணை உண்டாக்கும். ‘9 வோல்ட் பேட்டரிதானே, என்ன செய்யும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்சாரம் ஒரே திசையில் தொடர்ந்து பாய்வதால், பட்டையின் அடியில் வேதிமாற்றம் நிகழ்கிறது. எதிர்முனையின் அடியில் காரமும் நேர்முனையின் அடியில் அமிலமும் உருவாகித் தோலை அரிக்கின்றன. இப்புண் சூடு உணரப்படாமலேயே ஏற்படலாம், ஆழமாகவும் இருக்கலாம்.

5. அளவு ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றல்ல. டென்ஸ் கருவியின் துடிப்பும் சில சமயம் 80 மில்லி ஆம்பியர் உச்சத்தை எட்டும். அது தீங்கு செய்யாமைக்குக் காரணம், ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 50 முதல் 250 பங்கு நேரமே நீடிப்பதாகும். அத்துடன், வேதிமாற்றம் சேராதவாறு துடிப்புகள் சமன்செய்யப்படுகின்றன. அளவை மட்டும் பார்த்துச் செய்யப்படும் கருவியில் இக்கட்டுப்பாடுகள் இருப்பதில்லை.

யாருக்கு ஆபத்து மிக அதிகம்?

பின்வருவோர், தரமான கருவியையும் மருத்துவரின் அறிவுரையின்றிப் பயன்படுத்தக் கூடாது.

- இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது அதிர்வு அளிக்கும் கருவி பொருத்தப்பட்டவர்கள், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள்
- கர்ப்பிணிகள்
- வலிப்பு நோய் உள்ளவர்கள்
- புற்றுநோய்க் கட்டி உள்ளவர்கள், கால் நரம்புகளில் இரத்தக்கட்டு உள்ளவர்கள்
- நீரிழிவு நோயால் கால் மரத்துப்போனவர்கள், பக்கவாதத்தால் உணர்விழந்தவர்கள்
- தம் துன்பத்தைச் சொல்ல இயலாத குழந்தைகள், முதியவர்கள்

இவர்களில் உணர்விழந்தவர்கள் குறித்துப் பராமரிப்பாளர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். நல்ல உணர்வுள்ளவர் எரிச்சல் தோன்றியதும் பட்டையை அகற்றிவிடுவார். உணர்விழந்த காலில் பட்டை கருகினாலும் நோயாளிக்குத் தெரியாது. நீரிழிவு நோயாளிக்கு ஏற்படும் அத்தகைய சிறு புண், ஆறாத புண்ணாகி விரலையோ பாதத்தையோ அகற்றும் நிலை வரை செல்லக்கூடும்.

கழுத்தின் முன்பகுதி, கண், புண்பட்ட தோல் ஆகியவற்றின் மீது பட்டைகளை வைக்கக் கூடாது. மார்பின் குறுக்கே மின்சாரம் பாயும் வகையிலும் வைக்கக் கூடாது.

தலையில் மின்சாரம் செலுத்துதல்

மனச்சோர்வு, நினைவாற்றல் குறைவு, படிப்பில் கவனக்குறைவு ஆகியவற்றுக்காகத் தலையில் பேட்டரி மின்சாரம் செலுத்தும் முயற்சிகள் உலகின் பல பகுதிகளில் நடைபெறுகின்றன. இதில் உள்ள தீங்குகளை எடுத்துரைத்து மூளை ஆய்வாளர்கள் 2016இல் வெளிப்படையான கடிதம் ஒன்றை மருத்துவ இதழில் வெளியிட்டனர். மூளையின் ஒரு திறனைக் கூட்ட முயலும்போது மற்றொரு திறன் குறையலாம் என்றும், விளைவு ஆளுக்கு ஆள் மாறுபடும் என்றும் அவர்கள் எச்சரித்தனர்.

மனநல மருத்துவமனைகளில் அளிக்கப்படும் மின்வலிப்புச் சிகிச்சையை மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி அளிப்பதை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 தடை செய்துள்ளது. பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கே இத்தகைய கட்டுப்பாடு உள்ளது எனில், வீட்டில் தலையில் மின்சாரம் செலுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கூற வேண்டியதில்லை.

காலதாமதம் என்னும் மறைமுக ஆபத்து

மின்னதிர்ச்சி மட்டுமே இக்கருவிகளின் தீங்கு அன்று. கருவியை நம்பிக் காத்திருக்கும் நாள்களும் நோயாளிக்கு இழப்பாகும்.

முகவாதம்: முகத்தின் ஒரு பக்கம் கோணிக்கொண்டால், முகத்தில் ‘கரண்டு வைப்பது’ முதல் சிகிச்சை அன்று. முக நரம்பு அழற்சியாக இருந்தால், ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே குணமடையும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

பக்கவாதம்: முகக் கோணலுடன் கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ இருந்தால், உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, தகுதியுள்ளவர்களுக்கு நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்.

இடுப்பு வலி: சிறுநீர், மலம் கட்டுப்படாமை, கால்கள் தளர்தல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், இரவிலும் நீங்காத வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரை அணுக வேண்டும்.

இடது தோள், தாடை, மேல் முதுகு ஆகியவற்றில் திடீரென வலியும் வியர்வையும் தோன்றினால், அது மாரடைப்பாக இருக்கலாம். அதைத் தசைவலி என்று கருதிப் பட்டை ஒட்டிக் காத்திருக்கக் கூடாது.

கடையில் வாங்கும் கருவி குறித்து

இந்தியாவில் மருத்துவக் கருவிகள் அனைத்தும் 2020 ஏப்ரல் 1 முதல் மருந்துகளைப் போலவே சட்டக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. மருத்துவக் கருவிகள் விதிகள், 2017 அவற்றுக்குப் பொருந்தும். மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவர் பரிந்துரைத்த பின்னரே கருவி வாங்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தயாரிப்பு எண் ஆகியவை உறையில் உள்ளனவா என்று பார்த்து, ரசீது பெற வேண்டும்.

கருவியை மின்னேற்றம் செய்துகொண்டே உடலில் பொருத்தக் கூடாது. குளிக்கும்போதும், உறங்கும்போதும், வாகனம் ஓட்டும்போதும் பயன்படுத்தக் கூடாது. பழுதானால் வேறு அடாப்டரையோ வேறு கம்பியையோ இணைத்து இயக்கக் கூடாது. வெள்ளத்தில் நனைந்த கருவியை, வெயிலில் உலர்த்திய பின்னரும் பயன்படுத்த வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் வந்ததைப் போன்ற வெள்ளத்துக்குப் பின் வெளியே உலர்ந்ததாகத் தோன்றும் கருவியின் உள்ளே ஈரமும் சேறும் தங்கியிருக்கும்.

மின்னதிர்ச்சி ஏற்பட்டால் செய்ய வேண்டியவை

1. பாதிக்கப்பட்டவரைத் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவும். அணைக்க இயலாவிடில், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் பொருளாலோ கம்பியை விலக்கவும்.
2. 108 எண்ணை அழைக்கவும்.
3. உணர்வும் இயல்பான மூச்சும் இல்லையெனில், நெஞ்சின் நடுப்பகுதியை இரு கைகளாலும் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவும். உதவி வரும் வரை நிறுத்த வேண்டாம்.
4. மின்இணைப்பு துண்டிக்கப்பட்ட பின், தீப்புண்ணின் மீது 20 நிமிடங்கள் குழாய்நீர் ஓடவிடவும். மை, பற்பசை, எண்ணெய், மஞ்சள் ஆகியவற்றைத் தடவக் கூடாது.
5. பாதிக்கப்பட்டவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இதயத் துடிப்புப் பதிவு எடுக்கவும். மின்சாரத்தால் ஏற்படும் புண் வெளியே சிறியதாகவும் உள்ளே பெரியதாகவும் இருக்கலாம். சிறுநீர் கருஞ்சிவப்பாக வந்தால் தசைகள் சிதைந்துள்ளன என்று பொருள். இது அவசர நிலையாகும்.

பாதுகாப்பான மாற்று வழிகள்

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலிக்கான காரணத்தைக் கண்டறிந்து இயன்முறைச் சிகிச்சை பெறலாம். நாள்தோறும் வர இயலாதவர்கள் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகளை ஓரிரு வருகைகளிலேயே கற்றுக்கொள்ளலாம்.

படுக்கையிலுள்ள நோயாளிகளுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதிவு செய்யலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

பீடி சுற்றுவோரும் பாய் நெய்வோரும் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்து, தோள்களையும் கழுத்தையும் அசைக்க வேண்டும். சுவரில் சாய்ந்து அமர்வதும், பீடித்தட்டைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்வதும் கழுத்து குனிவதைக் குறைக்கும்.

ஏற்கெனவே கருவி செய்து வைத்திருப்போருக்கு

வீட்டில் அத்தகைய கருவி இருந்தால் இன்றே அதன் பயன்பாட்டை நிறுத்தி, பிள்ளைகளின் கைக்கு எட்டாதவாறு அப்புறப்படுத்துங்கள். மின்இணைப்பை நீக்கிய பின்னரும் அதன் உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் மின்சாரம் எஞ்சியிருக்கும். எனவே அதைத் திறந்து பார்க்க வேண்டாம். பட்டை வைத்த இடத்தில் சிவப்பு, கொப்புளம், கருமை ஆகியவை உள்ளனவா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எதை, எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். கடிந்துகொள்வார்களோ என்ற தயக்கம் வேண்டாம். அத்தகவல் இருந்தால்தான் சரியான சிகிச்சை அளிக்க இயலும்.