புகையும் நம் பொறுப்பும்

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் பலர் சொந்தக் கார் வைத்திருக்கின்றனர். அக்காரைச் சோதிக்கும் சட்டம் வளர்ந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1939-இல் விரிவான மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பஸ், லாரி முதலியவற்றுக்குத் தகுதிச் சான்று வேண்டுமென்று அது விதித்தது. இன்று வழங்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின்னரே வண்டியைப் பார்வையிட்டுப் பதிவைப் புதுப்பிக்கின்றனர்.

புகையின் கதை வேறு. 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகள் அதற்கு வரம்பு கட்டின. டெல்லியின் நச்சுக் காற்றைக் குறித்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985-இல் தொடுத்த வழக்கில், நகரப் பஸ்கள் யாவும் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1998-இல் ஆணையிட்டது. இன்று, பதிவாகி ஓராண்டு கடந்த பெட்ரோல், டீசல் கார் ஒவ்வொன்றும் புகைச் சான்று வைத்திருத்தல் வேண்டும். பாரத் 4, 6 நிலை வண்டிகளுக்கு அச்சான்று 12 மாதமும், பழையவற்றுக்கு 6 மாதமும் செல்லும். 2021-இல் நாடு முழுவதற்கும் ஒரே படிவம் வகுக்கப்பட்டது.

வேற்று மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருப்போர் பொதுவாக அங்கே புதுப் பதிவெண் பெறவேண்டும். புகைச் சான்றோ எம்மாநிலத்திலும் செல்லும். ஆயினும், அச்சான்று புகைக்கு மட்டுமே சாட்சி. பிரேக்கையும் டயரையும் விளக்கையும் பார்க்க 15 ஆண்டுவரை அதிகாரி வரமாட்டார். அதுவரை அந்த அதிகாரி நாமே.