இரங்கல் வந்த பிறகும் தோண்டினார்கள்

சென்ற வாரம் கலாமோடு சியாச்சினில் நின்றோம். அவர்தான் அந்தப் பனிமலைக்குப் போன முதல் குடியரசுத் தலைவர். அது 2004. இந்த வாரம் பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டி வாருங்கள். அதே பனிமலை. சோனம் காவல்முகாம். 19,000 அடிக்கு மேலே.

2016 பிப்ரவரி 3, அதிகாலை. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியன் காவல் இருந்த முகாம் அது. உள்ளே பத்துப் பேர். நால்வர் நம்மவர்கள். வேலூர் ஏழுமலை, தேனி குமார், மதுரை கணேசன், கிருஷ்ணகிரி ராமமூர்த்தி.

தலைக்கு மேலிருந்த பனிச்சுவர் பெயர்ந்து விழுந்தது.

பனிக்குள் புதைந்தவருக்குக் கெடு எவ்வளவு தெரியுமா? கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அரை மணி தாண்டினால் மூன்று பேர்தான். குளிர் கொல்வதற்கு முன்பே மூச்சு முட்டிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் சரிவை ஒவ்வொருவராகக் கடக்கிறார்கள். ஒருவர் புதைந்தால் தோண்ட மற்றவர் வேண்டுமே! ஆளுக்கொரு மண்வாரி, குத்திப் பார்க்க நீளக் கம்பி, சிக்னல் கருவி. பனி கொட்டி ஓய்ந்த உடனே செங்குத்துச் சரிவுப் பக்கம் போகவே மாட்டார்கள். குளிர்காலத்தில் இமயமலைக்கு டிரெக்கிங் கிளம்பும் நம் பிள்ளைகள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

ஆனால் சோனத்தில் யாரும் சரிவைக் கடக்கவில்லை. இருந்த இடத்துக்கே மலை வந்துவிட்டது.

மறுநாள் பிரதமரின் இரங்கல் செய்தி வந்தது. பத்துப் பேரும் போய்விட்டார்கள் என்றே நாடு நினைத்தது.

மேலே இருந்தவர்கள் மட்டும் கையை விடவில்லை.

150-க்கும் மேற்பட்ட வீரர்கள். மூச்சுக்கே காற்று போதாத உயரம். கான்கிரீட் போல இறுகிய பனி. பாறை துளைக்கும் டிரில், மின்ரம்பம், பனிக்குள் ஊடுருவிப் பார்க்கும் ரேடார். கூடவே டாட், மிஷா என்ற இரண்டு மோப்ப நாய்கள். எதற்காக இத்தனை பாடு? உயிரோடு யாராவது கிடைப்பார்கள் என்றா? அந்த நம்பிக்கை எத்தனை பேரிடம் மிச்சம் இருந்திருக்கும்! உடலையாவது அவன் வீட்டுக்குச் சேர்க்க வேண்டும். கூட நின்றவனைப் பனியிலேயே விட்டுவிட்டு எப்படி இறங்குவது? என் கணிப்பில், அந்த ஒரு பிடிவாதம்தான் அடுத்து நடந்ததற்கெல்லாம் காரணம்.

பிப்ரவரி 8. ஆறாவது நாள்.

25 அடி ஆழத்தில் கூடாரம் தட்டுப்பட்டது. நசுங்கிய துணிக்குள் கொஞ்சம் காற்று தங்கியிருந்தது. அதற்குள் ஒருவர்.

நாடி பார்த்தார்கள்.

துடித்தது!

லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட். கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்துக்காரர். உடன் இருந்த ஒன்பது பேரும் இறந்துவிட்டார்கள். மேலே காத்திருந்த மருத்துவர்கள் அங்கேயே சிகிச்சையைத் தொடங்கினார்கள். ரத்த நாளம் வழியே வெதுவெதுப்பான திரவம், மூக்குக்குச் சூடான ஆக்ஸிஜன்.

மறுநாள் ஹெலிகாப்டர் அவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது. அங்கிருந்து விமானத்தில் டெல்லி ராணுவ மருத்துவமனை. கோமா. நிமோனியா. ரத்த அழுத்தம் தரைமட்டம். கல்லீரலும் சிறுநீரகமும் தடுமாறின.

இதற்கு மேல்தான் பெரிய கண்டம். உறைந்த உடலைச் சூடாக்குவதே ஆபத்து. குளிர்ந்து கிடந்த உறுப்புகளுக்கு ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கும்போது உடல் தாங்குமா? அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் முக்கியம் என்று அறிவித்தது மருத்துவமனை.

அந்த 48 மணி நேரத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.