தூரத்துத் தண்ணீர்



1929-ஆம் ஆண்டு மே 9-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் ஒன்று ஏற்பட்டது. அதன் நிழல் வட சுமத்ராவைத் தொட்டு, கடலைத் தாண்டி, நம் அண்டையிலுள்ள கெடாவின் மேல் சென்றது. தோட்டங்களில் இருந்த நம் பாட்டன்மார் பட்டப்பகலில் இருள் சூழக் கண்டிருப்பார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையில், சுமத்ராவின் தாக்கெங்கோன் என்ற மலையூரில், எர்வின் பிராய்ண்ட்லிக் என்ற ஜெர்மானியரின் குழு நீண்ட புகைப்படக் கருவிகளோடு காத்திருந்தது. சூரியனை ஒட்டிய நட்சத்திரங்கள் சற்றே இடம் மாறித் தெரிகின்றனவா என்று பார்ப்பதே அவர்கள் வேலை. பெரும் பொருளின் அருகே ஒளி வளையும் என்று ஐன்ஸ்டீன் சொல்லியிருந்தார். வளையத்தான் செய்தது. அளவு மட்டும் ஐன்ஸ்டீன் கணக்குக்குச் சற்று அதிகமாக வந்தது. பின்னாளில் ரேடியோ அலைகளைக் கொண்டு அளந்தபோது கணக்கே சரியாயிற்று.

அப்படியானால் இடையிலுள்ள நட்சத்திர மண்டலம் ஒன்று, பின்னால் இருப்பதைப் பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கிக் காட்ட வேண்டுமல்லவா? 1937-இல் ஸ்விக்கி இதைச் சொன்னார். 1979-இல்தான் அத்தகைய குவேசார் அகப்பட்டது. ஒன்றே இரண்டாகத் தெரிந்தது. கருந்துளை ஒன்று வாயுவை இழுத்து விழுங்கும்போது சுற்றிலும் எழும் பேரொளியே குவேசார்.

நீராவி 1.35 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையை வெளியிடும். வயலெட் இம்பெல்லிசேரி குழுவினர் ஜெர்மனியின் 100 மீட்டர் எஃபெல்ஸ்பெர்க் தொலைநோக்கியை ஒரு குவேசார் பக்கம் திருப்பினர். பிரபஞ்சம் விரிவதால் நெடுவழியில் நீண்டுபோன அந்த அலை, ஏறக்குறைய 5 சென்டிமீட்டராக வந்து சேர்ந்தது. இடைப்பட்ட மண்டலம் அதைச் சுமார் 35 மடங்கு பெருக்கியிருந்ததால் 14 மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்தக் கண்ணாடி இல்லையென்றால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓயாமல் பார்த்திருக்க வேண்டும்!

அந்த அலை புறப்பட்டது 1110 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் பூமிக்கு வயது சுமார் 450 கோடிதான். தண்ணீரிலுள்ள பிராணவாயு நட்சத்திரங்களின் வயிற்றில் வெந்து உண்டாவது. ஆகவே, அதற்கும் முன்பே பல நட்சத்திரங்கள் எரிந்து மடிந்துவிட்டன என்று அறிகிறோம்.

அந்தக் குவேசாரின் பெயர் எம்ஜி ஜே 0414+0534. கடைசி எண் அதன் விலாசம்: வடக்கே 5 பாகை 34 கலை. நம் ஜார்ஜ்டவுன் இருப்பது வடக்கே 5 பாகை 25 கலையில். நவம்பர் கடைசி இரவுகளில், ஒரு மணி வாக்கில், அது நம் உச்சந்தலைக்கு நேரே கடந்து போகிறது, கண்ணுக்குத்தான் தெரியாது.